சம்பத் சார் சொன்ன ‘ஆயித்து’

செய்தி எனக்குக் கன்னடத்தில் வந்தது. அதனால் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன்.

காலை எட்டு மணி, அளவு எடுக்கும் நேரம். எங்கள் பட்டுப்புழு நிலையத்தில் இளம்புழு அறைச் சுவரில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்கும். ஒன்றின் நுனியில் ஈரத் துணி சுற்றியிருக்கும். அது காய்ந்துபோனால் அறையின் ஈரம் தப்பாகத் தெரியும் என்பதால், வந்ததும் முதல் வேலையாக அதன் குப்பியில் தண்ணீர் ஊற்றுவேன். ஊற்றிக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் ஜெயம்மாக்கா வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இருந்ததால் உள்ளே வரவில்லை.

“மாதேவி, சம்பத் சார் ஹோக்பிட்ரு கணே” என்றார். எங்கள் நிலையத்து அதிகாரி சம்பத் சார் போய்விட்டார் என்று பொருள்.

“பெங்களூருக்கா அக்கா?” என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அத்தனை சந்தோஷம்.

ஜெயம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டார். “அய்யோ மண்டு, பெங்களூருக்கு இல்லே. மேலே.” அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். குப்பி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், மைசூரின் இந்தப் புதிய வெயில்தான் சாரைக் கொண்டுபோய்விட்டது என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அன்று காலை அளவை எடுத்தவள் நான். நல்ல குளிர்ச்சியான ஐப்பசிக் காலை அது. வெயில் மேல் எனக்கு வேறு புகார்கள் உண்டு. இந்தச் சாவை அதன் மேல் போட மாட்டேன். சாரும் விடமாட்டார். அளவில் ஒரு கோடு தப்பினாலே அவருக்குச் சோறு இறங்காது.

நிலையத்தில் சாருக்காக நினைவு மலர் போடுகிறார்கள். மற்றவர்கள் கன்னடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாரின் வீட்டு மொழி தமிழ் என்பதால் இரண்டு பக்கமாவது தமிழில் வேண்டும் என்று அவர் வீட்டில் கேட்டார்களாம். இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எட்டாம் வகுப்போடு நின்றவள். “நல்லதா நாலு வார்த்தை எழுது, போதும்” என்றார்கள். சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தைக்கு மேலேயே என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதினால் நானும் தலையாட்டியவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேன். சாரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள் நீங்கள். நான் எழுதுவது தப்பு என்று தோன்றினால் சொல்லுங்கள். சரி என்று தோன்றினால், தயவு செய்து சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது படித்தால் தெரியும்.

நான் இங்கே வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அம்மா ஹனூருக்குப் பக்கத்தில் மல்பெரிச் செடி வைத்துப் புழு வளர்க்கிறார். நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் சித்தி வீட்டில் தங்கி, நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறி நிலையத்துக்கு வந்து போவேன். முதல் மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. ஊமை என்றே சிலர் நினைத்திருந்தார்கள். சாருக்கு அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் நோட்டில் எழுதுவார். என் தொண்டையிலிருந்து எண் வெளியே வராது. ஒருநாள், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் நோட்டையே என் கையில் கொடுத்துவிட்டார்.

“சொல்ல வேண்டாம்மா. நீயே எழுதிடு. கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பார், உனக்கு என்ன தோண்றதோ அதையும் அதுல எழுது.”

என்ன தோன்றுகிறது என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. ‘இன்று புழு தலை தூக்கவில்லை’ என்று எழுதினேன். ‘மேல் தட்டில் இலை சீக்கிரம் வாடுகிறது’ என்று எழுதினேன். மாலையில் நோட்டைப் பார்த்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலில் ஒரு சின்ன ‘பா’ இருக்கும். பார்த்தேன் என்பதற்கு அடையாளம். மூன்று வருடத்தில் ஒரு ‘பா’ கூட விட்டுப்போனதில்லை. அந்த நாட்களில் அது எனக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை இங்கே ஒழுங்காக எழுத முடியவில்லை.

அந்தச் சிவப்புப் பென்சிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புழு தாங்கும் அளவைத் தாண்டி அறை சூடான நாட்களைச் சார் வட்டமிடுவார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து நோட்டுகளையெல்லாம் துணியில் கட்டி வைத்திருந்தார். பழையவற்றில் சிவப்பைத் தேட வேண்டும். புதியவற்றில் மாசி தொடங்கும்போதே சிவப்பு வந்துவிடும்.

ஜெயம்மாக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. “உலகம் சுடுதாம் உலகம்! கூரை ஓட்டைப் பிரிச்சிட்டு ஷீட்டு போட்டீங்கல்ல, அதான் சார் சுடுது. உலகத்து மேலே ஏன் பழி ஆக்கறீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

சார் கோபப்படவில்லை. “ஞாயமான சந்தேகம் ஜெயம்மா” என்றார். மறுநாளே வெளியே புங்க மரத்து நிழலில் மரப்பெட்டி அமைத்து இன்னொரு வெப்பமானியை வைத்தார். ஷீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளி வெப்பத்தின் பழைய கணக்குக்காக நகரில் எங்கெங்கோ போய் வேறு நோட்டுகளைப் பார்த்து எழுதி வந்தார். ஷீட்டு பாதி, உலகம் பாதி என்று ஜெயம்மாக்காவையே சொல்ல வைத்தார். இதற்கு அவருக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தை நான் முதலில் மெச்சினேன். பிறகுதான் அதைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

வாசலில் ஒரு பலகை உண்டு. புகை, கரி, கடல் மட்டம் என்று செய்தித்தாளில் எது வந்தாலும் வெட்டி அதில் ஒட்டுவார். விவசாயிகள் வந்தால் நிற்க வைத்து விளக்குவார். “பூமி ஏற்கெனவே ஒரு போர்வை போத்திண்டிருக்கு. நாம புகையை விட்டு விட்டு அது மேல கம்பளியைப் போத்தறோம்” என்பார். சொல்லும்போது அவர் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். மைசூரில் எந்த மாதத்தின் காலையிலும் அதைக் கழற்ற மாட்டார். “மொதல்ல உங்க கம்பளியைக் கழட்டுங்க சார்” என்று ஒரு ஹனூர்க்காரர் சொல்ல, சாரே அதிகமாகச் சிரித்தார். ஜெயம்மாக்காவைத் தவிர யாரும் அவரை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. பெரிய அதிகாரிகள் வருவார்கள், நோட்டைப் புரட்டுவார்கள், “உண்மைதான், உண்மைதான்” என்பார்கள், காபி குடிப்பார்கள், ஜீப்பில் ஏறிப் போவார்கள்.

பலகைக்கு எதிர்ச்சுவரில் ஒரு தகரம் மாட்டியிருந்தது. எந்தப் பருவத்துக்கு எந்தத் தேதியில் விவசாயிகளுக்கு இளம்புழு கொடுப்பது என்று எண்ணெய்ப் பெயிண்டில் எழுதியது. எப்போது எழுதியதோ, ஓரமெல்லாம் துரு. அதில் வசந்தப் பருவத்துக்கு மாசி முடியும் தேதி. அந்தத் தேதியில் புழு வாங்கினால், புழு பெரிதாகி மூச்சுக்குத் தவிக்கிற கடைசி வாரம் சரியாக உச்ச வெயிலில் விழும். அந்தக் காலத்தில் விழாது, இப்போது விழுகிறது. பதினைந்து நாள் முன்னால் கொடுத்தால் தப்பிக்கலாம். இது சாருக்குத் தெரியும். தகரத்தில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பதினைந்து நாள் முந்திய தேதியைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

நான் வந்த முதல் வசந்தத்தில் எங்கள் வீட்டுப் புழுவில் பாதி போனது. ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று குறிப்புக் கட்டத்தில் எழுதவில்லை. சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்தப் பென்சில் தேதியைப் பெயிண்டுல எழுதினா என்னங்க?”

நிமிர்ந்து பார்த்தார். நான் பேசியதற்கா, பேசியதன் அர்த்தத்துக்கா தெரியவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. “நீ சொல்றது வாஸ்தவம் மாதேவி. நூத்துக்கு நூறு வாஸ்தவம். ஆனா தேதி நம்ம கையில இல்லம்மா, பெங்களூர்ல மேலிடத்துல தீர்மானிக்கணும். லெட்டர் எழுதிண்டிருக்கேன். நானே நேர்ல எடுத்துண்டு போயிக் குடுக்கறேன்.”

கடிதத்தைக் காட்டினார். அதில் இருந்ததைத் தமிழிலும் எனக்குச் சொன்னார். அப்படி ஒரு கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அளவுகள், படம், எங்கள் ஊர்ப் புழுவின் கதை எல்லாம் இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். மேலே வலது மூலையில் தேதி என்ற இடத்துக்கு எதிரே மட்டும் புள்ளிகள்.

“தேதி, போற அன்னிக்குப் போட்டுக்கலாம்” என்றார்.

அடுத்த கார்த்திகையில்தான் அந்தச் சொல் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாரின் குடும்பம் மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ். மதியம் வீட்டிலிருந்து போன் வந்தால் “எனக்குச் சாப்பாடு ஆயித்து, நீங்க சாப்பிடுங்கோ” என்பார். சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று அர்த்தம். வெளியில் கன்னடம். ஜெயம்மாக்கா ஏதாவது கேட்டால் “ஆயித்து, மாடோண” என்பார். சரி, செய்யலாம் என்று அர்த்தம். ஒரே சொல்தான். தமிழில் சொன்னால் வேலை முடிந்தது. கன்னடத்தில் சொன்னால் வேலை தொடங்கவே இல்லாமலும் இருக்கலாம். மைசூரில் வாழும் எங்களைப் போன்றவர்கள் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இங்கிருந்து அங்கே தாவிவிடுவோம். யாரும் கவனிப்பதில்லை.

அந்தக் கார்த்திகையில் செடி வெட்டும் நேரம் நெருங்கியது. புழு எந்தத் தேதிக்கு வருமோ, அதற்கு இரண்டு மாதம் முன்பே செடியைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புழு வரும்போது இலை இளசாக இருக்கும். முன்னால் வெட்டினால் இலை முற்றிப்போகும். அம்மா கடிதம் போட்டு, இந்த வருடம் எப்போது வெட்டுவது என்று கேட்டிருந்தார். நான் சாரிடம் போனேன். அவர் கன்னடத்தில் யாருடனோ பேசிவிட்டு அப்போதுதான் திரும்பினார்.

“சார், தேதி மாத்தறது என்னாச்சுங்க?”

“ஆயித்துமா” என்றார்.

நான் ஓட்டமாக ஓடினேன். அன்று மாலையே அம்மாவுக்கு எழுதினேன்: தேதி மாறிவிட்டது, பதினைந்து நாள் முன்னால் வெட்டுங்கள், சார் சொல்லிவிட்டார். அம்மா அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீடுகளிலும் படித்துக் காட்டியிருக்கிறார். மைசூரில் வேலை பார்க்கிற பெண் எழுதியது அல்லவா? எங்கள் வீட்டோடு சேர்த்து ஏழு வீட்டில் செடி வெட்டினார்கள்.

புழு பழைய தேதிக்குத்தான் வந்தது. பெயிண்டில் எழுதியிருந்த தேதிக்கு.

இலை முற்றி, தடித்து, காகிதம் மாதிரி சரசரத்தது. அதையும் தின்ற புழுக்கள் கடைசி வாரத்து வெயிலில் தட்டிலேயே கறுத்துச் சுருண்டன. நான் லீவு போட்டு ஊருக்குப் போனபோது ஏழு வீட்டு வாசலிலும் புழு கூடு கட்டுவதற்கான மூங்கில் சந்திரிகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. பங்குனியில் அவை மஞ்சள் மஞ்சளாகக் கூடு காய்த்து நிற்க வேண்டும். வெறும் மூங்கிலாக நின்றன. அம்மா செத்த புழுவைப் புதைக்கக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் கேட்டார்.

“ஏங் கண்ணு, மாத்தியாச்சுன்னுதான எழுதியிருந்த?”

“ஆமாங்க பெரிம்மா. ஆயித்துன்னு சொன்னாருங்க.”

“சொன்னாரா, செஞ்சாரா?”

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து சாரிடம் கேட்டேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரை நேருக்கு நேர் நியாயம் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஆயித்துன்னு சொன்னீங்களே சார்” என்றேன். அவர் நோட்டை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கன்னடத்துல சொன்னேன்மா” என்றார்.

ஜெயம்மாக்கா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் அழுதார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு சந்தேகம் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. என்னிடம் அவர் எப்போதும் தமிழில்தான் பேசுவார். அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் கன்னடத்தில் சொன்னார்? சொல் தவறி வந்ததா? அல்லது இரண்டு மொழியிலும் நிற்கிற சொல்லாகப் பார்த்து எடுத்தாரா? நான் சந்தோஷப்படவும் வேண்டும், அவர் பொய் சொன்னதாகவும் ஆகக்கூடாது என்று? சாரை அறிந்தவர்கள் இதைப் படித்து வருத்தப்படலாம். எனக்கும் இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல் தேர்வில் கவனமானவர் என்று நீங்கள் எல்லோரும்தான் கூட்டத்தில் சொன்னீர்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. ஏழு வீட்டுக்கும் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று “தப்பு என்னோடதுதான்” என்றார். வேறு எந்த அதிகாரியும் அப்படி வந்து நின்றதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. அம்மா மோர் கொடுத்தார். சார் குடித்துவிட்டு, வெயில் எப்படி ஒவ்வொரு வருடமும் முன்னால் வருகிறது என்று அங்கேயும் அழகாக விளக்கினார். அம்மா முழுவதையும் கேட்டார்.

“நீங்க சொல்றது எல்லாம் ஞாயங்க சார். எங்களுக்குத் தெரியறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்குது. அப்பறம் யாருக்குத்தான் தெரியோணும்? அவங்களைக் காட்டுங்க, நான் போய்ச் சொல்றேன்.”

சார் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பஸ் கிளம்பிப் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னார்: “நல்ல மனுசந்தான் கண்ணு. இத்தனை தூரம் வந்தாரு பாரு. ஆனா அவரு பேச்சைக் கேட்டு இனிச் செடி வெட்டாத.”

ஏன் அவர் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை? கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். “இன்னும் ஒரு வருஷத்து அளவு சேர்த்துட்டா யாராலும் மறுக்க முடியாதும்மா.” மறுத்தவர் யார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஜெயம்மாக்கா ஒருவர்தான் மறுத்தார், அவரும் பாதி ஒத்துக்கொண்டுவிட்டார். ஒருவேளை மேலிடத்தில் அவரைத் திட்டிவிடுவார்களோ என்று பயந்திருக்கலாம். ஒருவேளை கடிதம் போய்விட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாதே என்றிருக்கலாம். அதைத் திருத்தும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கும். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பிரதி எடுப்பார், இன்னும் நல்ல வார்த்தைகள் போடுவார், கையெழுத்திடுவார், தேதிக்குப் புள்ளிகள் வைப்பார். இந்த வருடம் உறையில் விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டி வைத்திருந்தார். தபால் பெட்டி நிலையத்து வாசலில்தான் இருக்கிறது.

அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருடம் நானும் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். பக்கத்தில் ‘பா’ விழுந்ததும், ஏதோ நடந்துவிட்டது மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இந்த வருட வசந்தத்திலும் வீட்டுப் புழுவில் பாதி போனது. அம்மா சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு தடவை பார்ப்பது, அதுவும் போனால் செடியை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல் குவாரிக்குப் போவது. அங்கே நிழல்கூட இல்லை.

இரங்கல் கூட்டத்துக்குப் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். சாரின் நோட்டுகளை மாலை போட்ட படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். அவர் நன்றாகப் பேசினார். சார் காலத்துக்கு முன்னால் சிந்தித்தவர், தேதியை மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை, அதுதான் அவருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி என்றார். கைதட்டல். அவர் கீழே இறங்கி வந்தபோது நான் ஓரமாக நின்றிருந்தேன். ஜெயம்மாக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

“சார், தேதி... மாத்துவீங்களா சார்?” என்று கன்னடத்தில் கேட்டேன்.

அவர் என் தலையைத் தொட்டார். “ஆயித்தம்மா, ஆயித்து” என்றார். ஜீப் கிளம்பிவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததை இங்கே எழுதிவிடுகிறேன். மேஜையை ஒழிக்கும்போது ஜெயம்மாக்கா அந்த உறையை என்னிடம் கொடுத்தார். அது ஒட்டப்படவில்லை. கடிதத்தை எடுத்தேன். புள்ளிகளின் மேல், சாரின் சிவப்புப் பென்சில் வேண்டாம் என்று நினைத்து, நீல மையால் அன்றைய தேதியை எழுதினேன். சார் இறந்து பதினான்காம் நாள் அது. உறையை ஒட்டி வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன். விழுகிற சத்தம் கேட்டது. இறந்தவர் எப்படித் தேதி போட்டுக் கடிதம் அனுப்பினார் என்று யாராவது கேட்டால், கையெழுத்து சாருடையது, தேதி மட்டும் என்னுடையது.

பதில் வந்துவிட்டது. அச்சடித்த அட்டை, திரு. சம்பத்குமாரன் அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது, பொருள் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று கன்னடத்தில் இருந்தது. ஜெயம்மாக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சத்தோர்கூ ஆயித்து அந்தாரல்லே!” என்றார். செத்தவருக்கும் சரி என்கிறார்களே என்று. இந்தத் தடவை சிரித்ததும் அழுததும் ஒரே நேரத்தில்.

மலரில் இதைப் போடலாமா என்று தயங்கினேன். ஆனால் மலர் மேலிடத்துக்கும் போகும், அங்கே தமிழ் படிக்கிறவர் ஒருவராவது இருப்பார் என்று சொன்னார்கள். அவருக்காகத்தான் விவரமாக எழுதியிருக்கிறேன். கார்த்திகை பாதி ஆகிவிட்டது. தேதி மாறினால் மார்கழி பாதியிலேயே செடி வெட்ட வேண்டும்.

சம்பத் சார் எனக்குக் கொடுத்தவை என்று சொல்ல இரண்டு உண்டு. ஒன்று அந்தக் குறிப்புக் கட்டம். பேசத் தெரியாதவளுக்கு எழுத இடம் கொடுத்தார். இதையும் அந்தக் கட்டத்தில் எழுதுவதாக நினைத்துத்தான் எழுதுகிறேன். இன்னொன்றை அவர் கொடுக்க நினைத்திருக்க மாட்டார். யாராவது நான் சொல்வதை உடனே ஒத்துக்கொண்டால் இப்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. எந்த மொழியில் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கவும் தொடங்கியிருக்கிறேன்.

எப்போது வெட்டுவது என்று அம்மாவின் கடிதம் நேற்று வந்தது. ஏழு வீட்டிலும் காத்திருக்கிறார்களாம். நான் இன்னும் பதில் போடவில்லை. தகரத்தில் புதிய தேதியின் பெயிண்டு காய்ந்த பிறகு போடுகிறேன்.